லயக் காம்பராவில் இடம் பண்ணுவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொட்டகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் தையல் வகுப்பு நடத்துகிறேன். வருகிறவர்கள் சட்டை வெட்டப் பழகத்தான் வருகிறார்கள். ஆனால் மெஷினை நிறுத்தியதும் பேச்சு வீட்டுப் பக்கம் திரும்பிவிடும். எதை எங்கே வைப்பது, செலவில்லாமல் என்ன செய்வது, பூஞ்சணத்துக்கு என்ன வழி என்று ஒரே சந்தேகம் வேறு வேறு வாயிலிருந்து வந்துகொண்டே இருக்கும். அதனால் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளைப் போட்டு, எனக்குத் தெரிந்த பதிலை எழுதி வைக்கிறேன்.

லயம் என்பது தோட்டத்தில் ஒரே கூரையின் கீழ் வரிசையாகக் கட்டிய வீடுகள், காம்பரா அதில் ஓர் அறை. 10க்கு 12 அடிக் காம்பரா ஒன்று, முன்னால் சின்ன இஸ்தோப்பு (திண்ணை), ஒட்டினாற்போல் குசினி (சமையலறை) என்ற கணக்கில்தான் இதெல்லாம். ஹட்டனிலோ பண்டாரவளையிலோ ஒற்றை அறை வாடகைக்கு எடுத்திருப்பவர்களுக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

எங்கேயிருந்து தொடங்குறது அக்கா? பார்த்தாலே தலை சுத்துது.

மேலே பார்த்துத் தொடங்குங்கள். காம்பராவின் தரை 120 சதுர அடி. 6க்கு 4 கட்டில் ஒன்று போட்டால் அதில் 24 போச்சு, அலுமாரியும் மேசையும் வந்தால் நடக்க மட்டும்தான் மிச்சம். ஆனால் நான்கு சுவரையும் சுற்றி அளந்தால் 44 அடி நீளம். கதவு, ஜன்னலைக் கழித்தாலும் 35 அடிக்கு மேல் இருக்கும். தலைக்கு மேலே உள்ள சுவரை யாரும் தொடுவதே இல்லை.

ஆகவே ஒரு சட்டம் வைத்துக்கொள்ளுங்கள்: கால் உள்ள சாமான் மட்டும் தரையில் நிற்கலாம், மற்றதெல்லாம் தொங்க வேண்டும். மூட்டை, பை, பெட்டி என்று தரையில் படுத்துக் கிடப்பவை இடத்தைப் பிடிப்பதோடு ஈரத்தையும் குடிக்கும். வெயில் அடிக்கிற ஒரு நாளில் கட்டிலுக்குக் கீழே உள்ளதை மட்டும் இஸ்தோப்புக்கு இழுத்துப் போடுங்கள். முழு வீட்டையும் ஒரே நாளில் கலைக்க வேண்டாம், மூன்று மணிக்கு மழை வந்தால் என்ன செய்வீர்கள்?

ஒன்னும் வாங்காம ஆரம்பிக்க முடியுமா? சம்பளம் 10ஆம் திகதிதான்.

முடியும். வீட்டில் ஏற்கெனவே இருப்பது பழைய சேலை, பால்மா டின், பிஸ்கட் டின், உடைந்த குடைக் கம்பி. கடைகளில் கேட்டால் சும்மா தருவது, சாமான் பெட்டியைச் சுற்றி வரும் பிளாஸ்டிக் பட்டி. பிறகு நம் ஊருக்கே உரிய ஒன்று இருக்கிறது, அதுதான் மிலாறு, தேயிலைச் செடியைக் கவ்வாத்து பண்ணி வெட்டும்போது விழும் கிளைகள்.

கவ்வாத்து முடிந்த மலையிலிருந்து விறகுக்குக் கொண்டுவரும் மிலாறில், கவையாகப் பிரிந்த துண்டுகளை அடுப்பில் வைக்காமல் ஒதுக்குங்கள். தேயிலைக் கட்டை நல்ல வைரம். கட்டைவிரல் பருமனுள்ள கவையை எடுத்துப் பட்டையைச் சீவி, அடுப்புக்கு மேலே இரண்டு மூன்று வாரம் காயவிட்டு, மண்கடுதாசியால் தேய்த்தால் அழகான கொக்கி. நான்கு அடிப் பலகை ஒன்றில் ஐந்தாறு கவையைப் பின்பக்கமிருந்து ஸ்க்ரூ போட்டு இறுக்கினால் சட்டை, குடை, பாடசாலைப் பை எல்லாம் மாட்டலாம். பச்சையாக இருக்கும்போது ஸ்க்ரூ போடாதீர்கள். காயும்போது கட்டை வெடித்துவிடும்.

உரச்சாக்கு, மருந்துக் கேன் எல்லாம் சும்மா கிடக்குது. எடுக்கலாமா?

உரச்சாக்கு எடுக்கலாம், மருந்துக் கேன் எடுக்கவே கூடாது. களைக்கொல்லியும் பூச்சிமருந்தும் இருந்த கேனை எத்தனை முறை கழுவினாலும் பிளாஸ்டிக்குக்குள் ஊறியது முழுதாகப் போகாது. தண்ணீர் பிடிக்க மட்டுமல்ல, பூச்செடி வைக்கவும் வேண்டாம். வீட்டுக்குள் இருந்தால் என்றைக்காவது ஒரு பிள்ளை அதில் தண்ணீர் குடிக்கும்.

உரச்சாக்கை உட்பக்கம் வெளிப்பக்கம் திருப்பி இரண்டு மூன்று தடவை அலசி, வெயிலில் காயவைத்துவிட்டு விறகு கட்ட, சப்பாத்து வைக்க, மெத்தைக்கு அடியில் விரிக்கப் பயன்படுத்துங்கள். அரிசி, மா, பருப்பு எதுவும் அதில் வேண்டாம்.

யூடியூப்ல காட்போட் பெட்டியில ராக்கை (சாமான் வைக்கிற தட்டு) செய்யிறாங்களே, அதைச் செஞ்சா என்ன?

செய்து பாருங்கள், ஆனால் மழை தொடங்கும் வரைதான் நிற்கும். அந்த வீடியோக்களை எடுப்பவர்கள் வெயில் ஊர்க்காரர்கள். ஹட்டன், மஸ்கெலியா, தலவாக்கலைப் பக்கம் மே முதல் செப்டம்பர் வரையும், பதுளை, பண்டாரவளைப் பக்கம் டிசம்பர் முதல் பெப்ரவரி வரையும் காற்றே ஈரமாக இருக்கும். காட்போட் அதை உறிஞ்சி மெத்தென்று ஆகி வளையும். மாவுப் பசையால் ஒட்டியிருந்தால் கரப்பான் பூச்சிக்கும் புத்தகப் பூச்சிக்கும் விருந்து.

பெட்டி மாதிரி ஒன்று வேண்டும் என்றால் பிஸ்கட் டின்னுக்குச் சேலைத்துணி ஒட்டுங்கள். மரவேலைக்கு வாங்கும் வெள்ளைப் பசையில் கொஞ்சம் தண்ணீர் கலந்து தூரிகையால் தடவினால் போதும். காட்போட்டை அளவு வெட்டிப் பார்க்கவும், துணிக்கு மாதிரி வெட்டவும் வைத்துக்கொள்ளுங்கள்.

அலுமாரிக்குள்ள வச்ச உடுப்பெல்லாம் பூஞ்சணம். புது அலுமாரி வாங்கினா சரியாகுமா?

ஆகாது. இதைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள், அதனால் விரிவாகவே சொல்கிறேன். நுவரெலியாவில் வருடச் சராசரி வெப்பநிலையே 16 பாகை செல்சியஸ் அளவுதான். இரவில் நாம் விடும் மூச்சும் குசினியில் கொதித்த தண்ணீரின் ஆவியும் காம்பராவுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும். அந்தச் சூடான ஈரக்காற்று குளிர்ந்த சுவரில் பட்டதும் தண்ணீராகிறது. அலுமாரி அந்தச் சுவரோடு ஒட்டி நின்றால் அதன் முதுகுதான் முதலில் நனையும். தகரக் கூரையில் விடியற்காலை சொட்டுகிறதே, அதுவும் எப்போதும் ஒழுக்கு இல்லை. பாதி நாள் நம் மூச்சுதான்.

அலுமாரியை வெளிச்சுவரிலிருந்து எடுத்து, அடுத்த காம்பராவோடு சேர்ந்த நடுச்சுவருக்கு மாற்றுங்கள். இரண்டு பக்கமும் ஆட்கள் இருப்பதால் அந்தச் சுவர் அவ்வளவு குளிராது. சுவருக்கும் முதுகுக்கும் நடுவே இரண்டு அங்குல இடைவெளி விடுங்கள். கால்களுக்குக் கீழே செங்கல் வையுங்கள். முதுகுப் பலகை ஹார்ட்போட் என்றால் மேலேயும் கீழேயும் சில ஓட்டைகள் போட்டால் காற்று ஓடும். வெயில் வந்த நாளில் கதவைத் திறந்து வையுங்கள். பாதி காய்ந்த உடுப்பை மட்டும் உள்ளே வைத்துவிடாதீர்கள், ஒரு பெனியன் போதும் மொத்த அலுமாரியையும் கெடுக்க. கரித்துண்டைத் துணியில் கட்டி வைத்தால் வாடை குறையும், ஆனால் அடிக்கடி எடுத்துக் காயவைக்க வேண்டும். பூச்சி உருண்டையைக் கைக்குழந்தையின் உடுப்போடு வைக்கவே வேண்டாம், அந்த நெடி சில குழந்தைகளின் இரத்தத்தையே பாதிக்கும்.

தீபாவளி முற்பணம் கைக்கு வந்ததும் தவணைக்கு மெலமைன் அலுமாரி எடுக்கிற பழக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை. கடையில் பளபளப்பாக இருக்கும். உள்ளே இருப்பது அழுத்திய மரத்தூள். அடிவிளிம்பில் ஈரம் ஏறினால் ஊதிவிடும், ஊதியது திரும்பிச் சுருங்காது. தவணை முடிவதற்குள் கதவு மூட மறுக்கும். அதே காசுக்குப் பழைய மரச்சாமான் விற்கிற இடத்தில் கீறல் விழுந்த மர அலுமாரி கிடைத்தால் அதை எடுங்கள். ஏற்கெனவே வாங்கியாச்சு என்றால் அடியிலும் ஓரத்திலும் பூச்சில்லாமல் தெரியும் இடத்துக்கெல்லாம் எனாமல் பெயின்ட் இரண்டு தடவை பூசி, செங்கல் மேல் ஏற்றுங்கள்.

சுவருக்கு எது நல்லது, சுண்ணாம்பா பெயின்டா?

பழைய லயத்துக் கல்சுவருக்குச் சுண்ணாம்பு. அது காரத்தன்மை உள்ளது, பூஞ்சணத்துக்குப் பிடிக்காது. அதோடு சுவருக்குள் ஏறிய ஈரத்தை வெளியே விடும். எனாமல் பூசினால் ஈரம் உள்ளே மாட்டிக்கொண்டு கொப்புளமாக உரியும். நீற்றிய சுண்ணாம்பாகவே வாங்கி, ஒரு இரவு தண்ணீரில் ஊறவைத்து, பழைய துணியில் வடிகட்டி, பால் பதத்தில் மெல்லியதாக இரண்டு மூன்று தடவை பூசுங்கள். பூசுவதற்கு முன் சுவரை லேசாக நனைக்க வேண்டும். தடிப்பாக ஒரே பூச்சாகப் பூசினால்தான் உடுப்பில் ஒட்டிக்கொண்டு வரும். கண்ணில் பட்டால் உடனே நிறையத் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

முன்பு எண்ணெய்ப் பெயின்ட் அடித்த சுவரில் சுண்ணாம்பு பிடிக்காது, சுரண்டிவிட்டுத்தான் பூச வேண்டும். பூஞ்சணத்தைக் காய்ந்த விளக்குமாற்றால் தட்டாதீர்கள், அறை முழுக்கப் பறக்கும். சவர்க்காரத் தண்ணீரில் நனைத்த துணியால் துடையுங்கள். குளோரின் பயன்படுத்தினால் அதோடு கழிவறை கழுவும் அமிலத்தையோ வினாகிரியையோ கலக்கவே கூடாது. வருகிற வாயு மூச்சை அடைக்கும்.

ஆணி அடிச்சா சுவர் பொலபொலன்னு கொட்டுது. எப்படித் தொங்கவிடுறது?

கல்லுக்கு நடுவே இருக்கும் மண்சாந்திலோ சுண்ணாம்புச் சாந்திலோ ஆணி போகிறது, அதனால்தான். ஒவ்வொரு சாமானுக்கும் ஒவ்வொரு ஆணி அடிப்பதை நிறுத்துங்கள். மூன்று அங்குல அகலம், நான்கைந்து அடி நீளத்தில் ஒரு பலகையைச் சுவரில் குறுக்காகப் பதித்துவிட்டால், அதற்குப் பிறகு எத்தனை கொக்கி வேண்டுமானாலும் பலகையில் போடலாம். சுவரில் ஓட்டை மூன்றே மூன்று.

அந்த மூன்றையும் ஒழுங்காகச் செய்ய வேண்டும். உதிரும் சாந்தைச் சுரண்டி ஓட்டையை இரண்டு மூன்று அங்குல ஆழத்துக்குப் பெரிதாக்கி, காய்ந்த மரத்துண்டை ஆப்பு மாதிரிச் சீவி, சுற்றிவரச் சிமெந்துச் சாந்து வைத்து இறுக்கி அடியுங்கள். ஒரு வாரம் தொடாமல் விடுங்கள். பிறகு அந்த மரத்தில் ஸ்க்ரூ பிடிக்கும். நடுச்சுவர் என்றால் அடுத்த வீட்டில் சொல்லிவிட்டு அடியுங்கள். அவர்கள் சாமி படம் அந்தப் பக்கம் தொங்கிக்கொண்டிருக்கும்.

அதுவும் சரிவராத சுவர் என்றால் உறிதான். கூரை மரத்திலிருந்து இரண்டு கயிறு விட்டு, அதில் பலகையைக் கோத்தால் தொங்கும் ராக்கை. நைலோன் கயிறு போதும், முடிச்சுகளை நெருப்பால் உருக்கி அடைத்துவிடுங்கள். கட்டுவதற்கு முன் கூரை மரத்தைக் கத்தி முனையால் குத்திப் பாருங்கள். முனை சுலபமாக இறங்கினால் மரம் உளுத்துப்போயிருக்கிறது, அங்கே எதையும் தொங்கவிட வேண்டாம். நல்ல மரமானாலும் உடுப்பு, போர்வை, வெற்று டின் போன்ற லேசானது மட்டும். அரிசி மூட்டை தரையில் கால் வைத்த பலகை மேல்.

கூரை சீட்டுல ஓட்டை போட்டு கம்பி விட்டா சுலபமா இருக்குமே?

அஸ்பெஸ்டஸ் சீட் என்றால் கண்டிப்பாக வேண்டாம். அதைத் துளைத்தாலோ அறுத்தாலோ, காய்ந்த நிலையில் தேய்த்தாலோ கண்ணுக்குத் தெரியாத நார்த்தூசி கிளம்பும். அது நுரையீரலுக்குள் போனால் பல வருடம் கழித்து நோயாக வரும். சீட் இருக்கிறபடி இருந்தால் பயப்பட வேண்டியதில்லை, தொந்தரவு செய்யாமல் விடுவதுதான் முக்கியம். தகரக் கூரை என்றாலும் ஓட்டை போட்டால் ஒழுகும். எதுவாக இருந்தாலும் மரத்தில் கட்டுங்கள், கூரையில் கட்டாதீர்கள்.

கட்டிலைத் தூக்கி வச்சா கீழ எவ்வளவு வைக்கலாம்?

திண்ணமான சிமெந்துக் கல்லைப் படுக்கைவாட்டில் வைத்துக் கால்களை ஏற்றினால் பழைய சூட்கேஸ் நுழையும் அளவுக்கு உயரம் கிடைக்கும். கட்டில் கால் கல்லின் நடுவில் உட்கார வேண்டும், ஓரத்தில் இருந்தால் ஒரு நாள் சறுக்கும். கீழே வைப்பதைச் சக்கரம் உள்ள பலகையிலோ, கயிறு கட்டி இழுக்கக்கூடிய டின்னிலோ வையுங்கள். இழுக்க முடியாததைக் கீழே தள்ளினால் அது அடுத்த தீபாவளி வரை வெளியே வராது.

மகள் பெரிய பிள்ளையாயிட்டா. உடுப்பு மாத்தக்கூட மறைவில்ல. சுவர் கட்டவும் முடியாது.

ஒரு சேலை போதும். சேலையின் நீளம் ஏறக்குறைய 18 அடி, அகலம் 45 அங்குலம். மூன்றாக வெட்டினால் ஆறடி உயரத் துண்டு மூன்று. பக்கம் பக்கமாக இணைத்தால் 135 அங்குலம், அதாவது 11 அடி 3 அங்குலம். 10 அடிக் காம்பராவைக் குறுக்கே மறைத்து, கொஞ்சம் சுருக்கமும் விழும். மேல்விளிம்பை நான்கு அங்குலம் மடித்துத் தைத்தால் கழி நுழையும் குழாய் தயார்.

திரைக்கு விற்கும் ஸ்பிரிங் கம்பி ஆறடிக்கு மேல் தொய்ந்துவிடும். மூங்கில் கழியோ அரை அங்குல இரும்புக் குழாயோ எடுத்து, இரண்டு முனையிலும் நடுவிலும் கயிறு போட்டுக் கூரை மரத்தில் தொங்கவிடுங்கள், மரத்தைச் சோதிக்கும் முறை மேலே சொன்னதுதான். திரைக்கு மேலே கொஞ்சம் திறந்தே இருக்கட்டும், இல்லாவிட்டால் ஒரு பக்கம் காற்றில்லாமல் பூஞ்சணம் வரும். பருத்தி, வொயில் சேலைகளையே எடுங்கள். நைலக்ஸ் போன்ற செயற்கை நூல் வகை தீப்பட்டால் உருகித் தோலில் ஒட்டும். பிள்ளையிடமே நிறத்தைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். அந்த வீட்டில் அவளுக்கென்று உள்ள இடம் அது ஒன்றுதான்.

சாதாரண தரப் பரீட்சை எழுதப்போற பையனுக்கு மேசை வைக்க இடம் எங்க?

முதலில் வீட்டில் பழைய சிங்கர் மெஷின் மேசை இருக்கிறதா என்று பாருங்கள். மெஷினை உள்ளே மடக்கி மூடினால் அதைவிட உறுதியான படிக்கும் மேசை கிடையாது. எங்கள் வகுப்பில் பாதிப் பேர் வீட்டில் அது தூசி பிடித்துக் கிடக்கிறது.

இல்லாவிட்டால் மடக்கு மேசை. 24க்கு 16 அங்குலப் பலகை, பிணைச்சல் (கீல்) இரண்டு, சங்கிலி இரண்டு. முன்பு சொன்ன சுவர்ப்பலகையைத் தரையிலிருந்து 28 அங்குல உயரத்தில் பதித்து, மேசைப் பலகையைப் பிணைச்சலால் அதில் மாட்டி, முன்மூலைகளிலிருந்து சங்கிலியை மேலே இழுத்துச் சுவரில் கட்டுங்கள். சங்கிலி மாட்டும் இடத்துக்கும் அதே மர ஆப்பு வேண்டும், பாரம் முழுக்க அங்கேதான் இழுக்கும். படித்து முடித்ததும் தொங்கவிட்டால் நாலு அங்குலம்கூட நீட்டிக்கொண்டிருக்காது. வலது கையால் எழுதுபவருக்கு விளக்கு இடப்பக்கம் வர வேண்டும். புத்தகங்களுக்கு உறி ராக்கை, மேசைக்கு நேர் மேலே.

பேக்கிங் பட்டியில கூடை பின்னுறது கஷ்டமா? அளவுதான் புரியல.

வயர் கூடை பின்னத் தெரிந்தவருக்கு இது அரை வேலை. அளவுக் கணக்கு இப்படி: அடிப்பக்க நீளத்தோடு உயரத்தை இரண்டு தடவை கூட்டுங்கள், மடித்துச் செருக ஆறு அங்குலம் சேருங்கள். அடிப்பக்கம் 10 அங்குலச் சதுரம், உயரம் 8 அங்குலம் என்றால் 10, 8, 8, 6, மொத்தம் 32 அங்குலம். அரை அங்குலப் பட்டியானால் பின்னலின் இடைவெளி போக ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய 18 பட்டி, குறுக்காக இன்னொரு 18. ஆக 36 துண்டு, 96 அடி. சுற்றிவரப் பின்னுவதற்கு ஒரு வரிசைக்கு 43 அங்குலம் வெட்டுங்கள். சுற்றளவு 40, மேலே ஏறி அமர 3. அப்படிப் பதினான்கு பதினைந்து வரிசை வரும்.

ஒன்று மேலே ஒன்று கீழே என்று பாய் பின்னுவது போல் அடியை முடித்து, நான்கு ஓரத்தையும் அளவுகோலை வைத்து மடித்து நிமிர்த்துங்கள். மூலைகளைத் துணிக் கிளிப்பால் பிடித்துக்கொண்டால் கை வலிக்காது. கடைசியில் உள்ளே நிற்கும் பட்டிகளை வெளியேயும், வெளியே நிற்பவற்றை உள்ளேயும் மடித்து, இரண்டு மூன்று வரிசைக்குக் கீழே செருகி வெட்டுங்கள். பட்டியின் ஓரம் விரலைக் கிழிக்கும், பழைய காலுறையை விரல் தெரிய வெட்டிக் கையுறையாக்கிக்கொள்ளுங்கள். இந்தக் கூடைக்குப் பூஞ்சணம் பிடிக்காது, காற்று ஓடும், நனைந்தால் உதறினால் போதும். அழுக்குத் துணிக்கும் வெங்காயத்துக்கும் இதைவிட நல்லது நான் பார்க்கவில்லை.

எலித்தொல்லை தாங்கல. பிளாஸ்டிக் டப்பாவையே கடிச்சிருது.

எலிக்குப் பிளாஸ்டிக் ஒரு பொருட்டே இல்லை. மாவும் பருப்பும் மூடி இறுகும் டின்னில்தான். பெரிய அளவுக்கு, பேக்கரிகளில் மாஜரின், ஜாம் வந்த தடித்த வாளிகளைக் கேட்டு வாங்கி ராக்கை மேல் வையுங்கள். பெயின்ட் வாளி எவ்வளவு சுத்தமாகத் தெரிந்தாலும் சாப்பாட்டுச் சாமானுக்கு ஆகாது, துணிக்கும் கருவிகளுக்கும் வைக்கலாம். எலி மூத்திரம் பட்ட இடத்தை வெறுங்கையால் துடைக்காதீர்கள், எலிக்காய்ச்சல் அப்படித்தான் வரும்.

கேஸ் சிலிண்டர் பார்க்க அசிங்கமா இருக்கு. பெட்டி செஞ்சு மூடிடலாமா?

வேண்டாம். சமையல் கேஸ் காற்றைவிடப் பாரமானது, கசிந்தால் தரையோடு படியும். பெட்டிக்குள்ளோ திரைக்குப் பின்னாலோ இருந்தால் அங்கேயே தேங்கி நிற்கும், வாடையும் தாமதமாகத்தான் தெரியும். சிலிண்டர் நிமிர்ந்து, காற்றோட்டமான இடத்தில், கண்ணுக்குத் தெரிகிறபடி நிற்கட்டும். 2022இல் கேஸ் தட்டுப்பாடு வந்தபோது விறகடுப்பை மறுபடி மூட்டியவர்கள் பலர் இன்றைக்கும் இரண்டையும் ஒரே குசினியில் வைத்திருக்கிறார்கள். முடிந்தவரை எதிரெதிர் மூலையில் வையுங்கள்.

மேலே சொன்ன எந்தத் துணி வேலையும் அடுப்பிலிருந்தும் சாமி விளக்கிலிருந்தும் மூன்று அடியாவது தள்ளி இருக்க வேண்டும். வயர், மல்டிபிளக் எதையும் சேலைக்குப் பின்னால் மறைக்காதீர்கள். லயத்தில் கூரை ஒன்று. ஒரு காம்பராவில் பிடித்த தீ வரிசை முழுக்க ஓடும்.

மாமியார் ஒரு டின்னைக்கூட வீச விடமாட்டாங்க. என்ன பண்றது?

அவர்கள் இல்லாத நேரத்தில் வீசாதீர்கள். அது ஒரே ஒரு தடவைதான் நடக்கும், பிறகு வீட்டில் நிம்மதி இருக்காது. அவர்கள் சாமானுக்கென்று ஒரு பெட்டியைக் கொடுங்கள், நல்ல பெட்டியாக, சேலைத்துணி ஒட்டியதாக. அதில் அடங்குகிற வரைக்கும் எதை வைப்பது என்று அவர்களே முடிவு செய்யட்டும். பழைய கம்பளியைக் கேட்டால் தரமாட்டார்கள். "இதைக் கால்மிதியாப் பின்னி உங்க கட்டிலுக்குப் பக்கத்துல போடுறேன், விடியக்காலம் தரை குளிருதே" என்றால் அநேகமாகத் தருவார்கள்.

பேர்த் சேர்டிபிகேட், ஈ.பி.எஃப். பேப்பர் எல்லாம் எங்க வைக்கிறது?

அலுமாரியின் அடித்தட்டில் மட்டும் வேண்டாம். பிறப்புச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ், அடையாள அட்டைப் பிரதி, ஊழியர் சேமலாப நிதிக் காகிதங்கள், சம்பளச் சீட்டு, கிளினிக் கொப்பி, தாத்தா பாட்டியின் பிரஜாவுரிமைப் பத்திரம் எல்லாவற்றையும் தனித்தனிப் பிளாஸ்டிக் உறையில் போட்டு ஒரே பையில் வையுங்கள். பை, தடித்த மழைக்கோட்டுத் துணியில் தைத்து, தோளில் மாட்டப் பட்டி வைத்ததாக இருக்கட்டும். பழைய மழைக்கோட்டின் முதுகுப்பக்கம் ஒரு பைக்குச் சரியாக இருக்கும். மூலப்பத்திரத்தை லெமினேட் பண்ணாதீர்கள், பிறகு முத்திரை குத்தவோ உண்மையானதா என்று பார்க்கவோ முடியாது என்று திருப்பி அனுப்புவார்கள். எல்லாவற்றையும் கைபேசியில் படம் எடுத்து, வெளியூரில் இருக்கும் பிள்ளைக்கும் அனுப்பி வையுங்கள்.

இந்தப் பைக்கு இடம் கதவுக்குப் பக்கத்துக் கொக்கி. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்சரிவு வந்து லயங்களை மூடியது நம்மில் யாருக்கும் மறக்காது. தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கை மூன்று படி: மஞ்சள் என்றால் கவனம், செம்மஞ்சள் என்றால் வெளியேறத் தயார், சிவப்பு என்றால் உடனே வெளியேற வேண்டும். மஞ்சள் அறிவிப்பு வந்ததுமே பைக்குள் மருந்து, டோர்ச், கொஞ்சம் காசு வையுங்கள். சிவப்பு வந்த பிறகு அலுமாரிச் சாவி தேட நேரம் இருக்காது.

இஸ்தோப்புல அழகா ஏதாவது வைக்கணும், செலவில்லாம.

தயிர்ச் சட்டி. தின்று முடித்ததும் வீசுகிற சட்டியின் அடியில் ஓட்டை போட்டு, உறி கட்டித் தொங்கவிட்டு, பெகோனியாவோ புதினாவோ நடுங்கள். ஓட்டைக்குச் சட்டியை ஒரு மணிநேரம் ஊறவைத்து, ஆணியை மெதுவாகத் திருகினால் உடையாது. கீழே தட்டு வைத்துத் தண்ணீர் தேங்கவிட வேண்டாம். கண்டி, மாத்தளைப் பக்கம் இருப்பவர்கள் இதில் இன்னும் கவனமாக இருங்கள், டெங்கு நுளம்பு பெருக அந்தத் தட்டுத் தண்ணீரும் ஒரு வாரமும் போதும்.

செஞ்சதை விக்கலாமா?

கூடையும் கால்மிதியும் விற்கும். சுற்றுலாப் பயணிகள் வரும் எல்ல ஊரில் வெள்ளைக்காரருக்குப் பெரிய விலைக்குத் தள்ளலாம் என்ற கனவோடு தொடங்காதீர்கள். முதலில் அக்கம்பக்கத்தில் விலைபோகிறதா பாருங்கள், விலை சொல்லும்போது பட்டியும் துணியும் சும்மா கிடைத்தாலும் உங்கள் நேரத்தைக் கணக்கில் சேருங்கள். பின்ன ஒரு முழு நாள் போகிற கூடையை ஒரு கிலோ சீனி விலைக்குக் கொடுத்தால் அது வியாபாரம் இல்லை.

தனிக் காணியில புது வீடு தர்றதாச் சொல்றாங்க. இப்ப இங்க செலவழிக்கிறது வீண்தானே?

வீண் ஆகாத மாதிரிச் செலவழியுங்கள். இந்திய உதவியில் கட்டும் வீடுகள் 550 சதுர அடி, இரண்டு அறை, குசினி. காம்பராவைவிடப் பெரிது, ஆனால் குடும்பமும் சேர்ந்து வளர்ந்திருக்கும். எப்போது கைக்கு வரும் என்பதை நம்பி இன்றைக்கு மூட்டைக்கு நடுவே படுக்க வேண்டியதில்லை.

கொக்கிப் பலகை, உறி ராக்கை, திரைக் கழி, மடக்கு மேசை எல்லாமே ஸ்க்ரூவைக் கழற்றினால் கூட வரும். அதனால்தான் ஆணிக்குப் பதில் ஸ்க்ரூ என்று சொல்லிக்கொண்டே இருக்கிறேன். சுவரை உடைப்பது, ஜன்னல் வைப்பது, இஸ்தோப்பை அடைப்பது போன்றவைதான் இங்கேயே தங்கிவிடும். லயம் நம் பெயரில் இல்லை, அந்த மாதிரி வேலைக்கு முன் தோட்டத்து ஆபீசில் கேட்டு, முடிந்தால் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பலகைக்கும் திரைக்கும் யாரும் எதுவும் சொல்லமாட்டார்கள். புது வீட்டுச் சுவர் சிமெந்துக் கல் என்பதால் அங்கே மர ஆப்பு தேவைப்படாது. ட்ரில் போட்டு ரோல் பிளக் (ஸ்க்ரூவைப் பிடிக்கும் பிளாஸ்டிக் குழாய்) வைத்தால் பிடிக்கும், ஆனால் கல்லின் உட்பக்கம் பொள்ளலாக இருந்தால் நீளமான பிளக்காகக் கேட்டு வாங்குங்கள்.